வெடிக்காத குண்டு அகற்றலில் சான்றும் முன்னுரிமையும்: லாவோஸ் நாட்டுத் தொலைதூரச் சிற்றூர்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

1964 முதல் 1973 வரை லாவோஸ் நாட்டின் மீது அமெரிக்க வான்படை வீசிய கொத்துக்குண்டுகளில் வெடிக்காமல் எஞ்சியவை இன்றளவும் அந்நாட்டுச் சிற்றூர்களின் வயல்களிலும் மலைச்சரிவுகளிலும் கிடக்கின்றன. அவற்றை அகற்றும் பணி எவ்வாறு நடைபெறுகிறது, எந்த நிலத்தை முதலில் தூய்மை செய்வது என்னும் முடிவு எவ்வாறு எட்டப்படுகிறது ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. கோரிக்கையின்படி நிலத்தைத் தேர்ந்த பழைய முறையிலிருந்து சான்றின்படி தேரும் முறைக்கு மாறியது தொலைதூர ஊர்களுக்கு நன்மை பயத்தது என்றும், அம்முறையும் ஊராரின் நிலப்பயன்பாட்டைக் கருத்திற்கொள்ளாவிடில் குறையுடையதாகவே இருக்கும் என்றும் இக்கட்டுரை கருதுகிறது.

திறவுச்சொற்கள்: லாவோஸ், கொத்துக்குண்டு, வெடிக்காத குண்டு அகற்றல், சியாங் குவாங், நிலப்பயன்பாடு, ஊர்க்கூட்டம்

முன்னுரை

லாவோஸின் நடுநிலையை 1962ஆம் ஆண்டு ஜெனீவாவில் பல நாடுகள் கூடி உறுதி செய்தன. ஈராண்டுகளுக்குள் அந்நாட்டின் மீது குண்டுவீச்சு தொடங்கிற்று. வடகிழக்கில் பதெட் லாவோ படையினரின் ஆதிக்கத்திலிருந்த சியாங் குவாங், ஹுவாபான் மாநிலங்களும், தென்கிழக்கில் வியட்நாமின் ஹோ சி மின் பாதை ஊடறுத்துச் சென்ற சவன்னகேத், சலவான், சேகோங், அட்டப்பூ முதலிய மாநிலங்களும் இதன் முதன்மை இலக்குகளாயின. ஒன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 5,80,000 முறை போர் விமானங்கள் குண்டு வீசச் சென்றன. 20 இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட வெடிபொருள்கள் வீசப்பட்டன. ‘எட்டு நிமிடத்திற்கு ஒரு விமானச் சுமை’ எனப் பலராலும் எடுத்தாளப்படும் தொடர் மேற்கண்ட எண்ணிக்கையை ஒன்பது ஆண்டுகளின் நிமிடங்களோடு வகுத்துப் பெற்ற சராசரியேயாகும். உண்மையில் குண்டுகள் சீராகப் பெய்யவில்லை. சில பள்ளத்தாக்குகள் மீண்டும் மீண்டும் தாக்கப்பட்டன. சில பகுதிகள் முற்றிலும் தப்பின. இச்சீரின்மையே பின்னாளில் அகற்றும் பணியின் தலையாய இடர்ப்பாடாக அமைந்தது.

போர்க்காலத்திலேயே இவ்வழிவை ஊராரின் வாய்மொழி வழியே பதிவு செய்தவர் பிரெட் பிரான்ஃப்மன் என்னும் அமெரிக்கத் தொண்டர். சாடிச் சமவெளியிலிருந்து இடம்பெயர்ந்து வியந்தியான் அருகே தங்கியிருந்த ஏதிலியரிடம் அவர் திரட்டிய கூற்றுகளும் அவர்களே வரைந்த படங்களும் 1972இல் நூலாக வெளிவந்தன. குண்டுவீச்சு அரசால் மறைக்கப்பட்டிருந்த காலத்தில், எழுத்தறிவு குறைந்த உழவரின் நினைவே முதற்சான்றாயிற்று. ஊரார் நினைவு சான்றாகும் இந்நிலை, அரை நூற்றாண்டுக்குப் பின் குண்டு அகற்றும் பணியிலும் வேறொரு வடிவில் திரும்பி வந்தமையை இக்கட்டுரையின் பிற்பகுதியில் காணலாம்.

சிறுகுண்டின் இயல்பு

லாவோஸில் மிகுதியாகக் காணப்படுவது ‘பிஎல்யு-26’ என்னும் சிறுகுண்டு. டென்னிஸ் பந்தின் அளவுடைய இவ்வுருண்டையின் ஓட்டில் ஏறத்தாழ 300 எஃகு மணிகள் பதிக்கப்பட்டிருக்கும். ஒரு பெருங்கூட்டினுள் இத்தகைய உருண்டைகள் ஏறத்தாழ 670 அடைக்கப்பட்டு வானிலிருந்து வீசப்படும். கூடு நடுவானில் பிளக்க, உருண்டைகள் சிதறி வீழும். அவற்றின் மேற்புறத்தே அமைந்த வரம்புகள் காற்றில் மோதி உருண்டையைச் சுழலச் செய்யும். போதிய அளவு சுழன்ற பின்னரே உள்ளிருக்கும் ஃபியூஸ் வெடிப்பதற்கு ஆயத்தமாகும். பின்னர்த் தரையில் மோதியதும் வெடிக்கும். மரக்கிளையில் தட்டுப்பட்டோ சேற்றிலும் நீரிலும் மெத்தென வீழ்ந்தோ சுழற்சி குறைந்தோ போனால் அது வெடியாமல் தங்கிவிடுகிறது. காடும் நெல்வயலும் நிறைந்த நாட்டில் இவ்வாறு தங்கியவை மிகப்பல.

வீசப்பட்ட சிறுகுண்டுகள் 27 கோடிக்கும் மேல் என்றும், அவற்றுள் 30 விழுக்காடு வரை வெடிக்கவில்லை என்றும், ஆகவே எஞ்சியவை ஏறத்தாழ 8 கோடி என்றும் கூறுவர். இம்மூன்றாம் எண் முதலிரண்டையும் பெருக்கிப் பெற்றது என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது. வெடிக்காத விழுக்காடு மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறுபடும். ‘இதுவரை ஒரு விழுக்காடே அகற்றப்பட்டுள்ளது’ என அடிக்கடி எழுதப்படும் தொடரும் இவ்வுத்தேச எண்ணையே பகுதியாகக் கொண்டது. பணியின் பேரளவை உணர்த்த அது உதவும், ஓர் ஊரின் நிலையை அறிய உதவாது.

ஊரார் இச்சிறுகுண்டைப் ‘பொம்பி’ என்பர். தமிழில் இவ்வகைக் குண்டைக் ‘கொத்துக்குண்டு’ என வழங்குகிறோம். ‘கொத்து’ என்னும் சொல் திரளையும் மண்ணைக் கொத்தும் தொழிலையும் ஒருசேரக் குறிப்பது தற்செயலே. எனினும் லாவோஸ் உழவரின் வாழ்வில் இவ்விரு பொருளும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

மண்ணும் தொழிலும்

1964 முதல் 2008 வரை இவ்வெடிபொருள்களால் இறந்தோரும் காயமுற்றோரும் 50,000க்கு மேற்பட்டோர் என நாடளாவிய கணக்கெடுப்பு கூறுகிறது. அவர்களுள் ஏறத்தாழ 20,000 பேர் போர் முடிந்த பின் பாதிக்கப்பட்டவர்கள். அவர்கள் அன்றாட வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களே. மலைச்சரிவில் காட்டை எரித்துப் பயிரிடும் நிலத்தை லாவோ மொழியில் ‘ஹாய்’ என்றும், தாழ்நிலத்து நெல்வயலை ‘நா’ என்றும் வழங்குவர். முன்னதில் தீயும் பின்னதில் மண்வெட்டியும் குண்டைத் தீண்டுகின்றன. குளிர்காலத்தில் வீட்டின் அருகே தரையில் மூட்டிய அடுப்பின் சூடு, அடியில் புதைந்திருந்த பொம்பியை வெடிக்கச் செய்த நிகழ்வுகளும் உண்டு. பல்லாண்டுகள் அதே இடத்தில் தீ மூட்டியிருந்தாலும் அது காப்புறுதியாகாது.

சிறார் பாதிக்கப்படுவதற்கு உருண்டையின் வடிவமே காரணம். அது பந்தைப் போலவும் காயைப் போலவும் தோன்றும். வறுமையும் இதனுடன் சேர்கிறது. குண்டுகளின் எஃகும் அலுமினியமும் பழைய இரும்பாக விலைபோகும். விலை குறைந்த உலோகங்காட்டியைக் கையிலேந்தி, மண்ணைக் கிளறிப் பிழைத்தோர் பலர். சியாங் குவாங் மாநிலத்தின் நாப்பியா என்னும் ஊரில் குண்டுகளின் அலுமினியத்தை உருக்கிக் கரண்டி வார்க்கின்றனர். கொத்துக்குண்டின் வெளிக்கூடுகள் வீட்டுக்குத் தூண்களாகவும் வெங்காயத்தாள் வளர்க்கும் தொட்டிகளாகவும் நிற்பதைப் பயண எழுத்துகள் வியந்து போற்றுவதுண்டு. அவ்வியப்பு சற்று அளவு மீறியது என்றே தோன்றுகிறது. வேறு உலோகம் வாங்க வழியில்லாத ஊர்களில்தான் கூடு தூணாகிறது.

நாட்டின் மிக வறிய மாவட்டங்கள் எனக் கண்டறியப்பட்ட 46இல் 42 மாவட்டங்கள் குண்டுப் பாதிப்புக்கு உள்ளானவை. வறுமையால் குண்டைத் தீண்டுவதும், குண்டுக்கு அஞ்சி நிலத்தைத் தரிசாக விட்டு வறுமையுறுவதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

தொடக்கக்கால முயற்சிகளுள் ஒன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. போருக்குப் பின் சியாங் குவாங்கில் பணியாற்றிய மெனோனைட் நடுவண் குழுவினர், உழவர்க்கு மண்வெட்டிக்கு மாற்றாக ஷவல்களை வழங்கினர். தலைக்கு மேல் ஓங்கி மண்ணில் இறக்கும் மண்வெட்டியினும், காலால் அழுத்தி மண்ணை அள்ளும் ஷவல் குண்டின் மீது குறைந்த அதிர்ச்சியையே உண்டாக்கும். குண்டை அகற்ற இயலாத நிலையில் அடியின் வேகத்தையேனும் குறைத்த இவ்வெளிய வழி, உழவரின் உடல் அசைவை உற்றுநோக்கி அறிந்தது என்பதால் சிறப்புடையது.

வயலைத் தூய்மை செய்யும் முறை

முறையான அகற்றற்பணி 1990களில் தொடங்கிற்று. மேக் என்னும் பிரித்தானியத் தொண்டு நிறுவனம் 1994இல் சியாங் குவாங்கில் பணியைத் தொடங்கியது. அரசின் யுஎக்ஸ்ஓ லாவோ நிறுவனம் 1996இல் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வெளிவந்த நாடளாவிய ஆய்வு, நாட்டின் ஊர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பாதிப்புக்கு உள்ளானது என உணர்த்தியது.

ஈழத்தின் கண்ணிவெடி அகற்றலை அறிந்த தமிழ் வாசகர்க்கு இங்கு ஒரு வேறுபாட்டைச் சுட்டுதல் வேண்டும். முகமாலை போன்ற பழைய முன்னரங்கு நிலைகளில் கண்ணிவெடிகள் காவலரணை ஒட்டி மனிதக் கையால் புதைக்கப்பட்டவை. ஒரு வரிசை தெரிந்தால் அடுத்த வரிசையை ஓரளவு ஊகிக்கலாம். வானிலிருந்து சிதறிய சிறுகுண்டுகளுக்கு அத்தகைய வரிசை இல்லை. ஒரு கூட்டிலிருந்து சிதறியவை ஒரு திட்டாக வீழ்ந்திருக்கும் என்பதொன்றே அவற்றின் ஒழுங்கு. மேலும், கண்ணிவெடியின் மேல் கால் வைத்தல் பெரும்பாலும் வெடிப்பில் முடியும். சிறுகுண்டின் மேல் மக்களும் மாடுகளும் பல்லாண்டு நடந்திருக்கவும் கூடும். அதனாலேயே ஊரார் அஞ்சியவாறே அந்நிலத்தில் தொடர்ந்து பயிரிடுகின்றனர். கண்ணிவெடி நிலம் ஊரிலிருந்து விலக்கி வைக்கப்படுகிறது. பொம்பி கிடக்கும் நிலம் ஊருக்குள்ளேயே உழப்படுகிறது.

பணிக்குழு வாரக்கணக்கில் ஊரிலேயே முகாமிட்டுத் தங்கும். நிலத்தைக் கயிற்றால் பகுதிகளாகப் பிரித்து, புதரை வெட்டி, உலோகங்காட்டியால் ஒவ்வோர் அடியாகத் தேடுவர். இருவர் தூக்கிச் செல்லும் பெரிய வளைய வடிவக் கருவி அகலமான பரப்பை விரைந்து காட்டும். கையில் பிடிக்கும் கருவி நுண்ணிய இடத்தைக் காட்டும். ஒலி எழுந்த இடமெல்லாம் குறியிட்டு, பக்கவாட்டிலிருந்து மெல்லத் தோண்டிப் பார்ப்பர். விளைநிலத்தில் பொதுவாக 25 செ.மீ. ஆழம் வரை தேடப்படும். கட்டடம் எழும்பும் நிலத்தில் இன்னும் ஆழமாகத் தேடுவர். ஒலிகளுள் மிகப்பெரும்பாலானவை எஃகு மணி, உடைந்த ஓடு, ஆணி போன்ற தீங்கற்ற துண்டுகளுக்கு உரியவை. எனினும் ஒவ்வொன்றையும் குண்டு எனக் கருதியே தோண்ட வேண்டும். பணியின் தாமதத்திற்குக் காரணம் குண்டுகளின் எண்ணிக்கையினும் இத்துண்டுகளின் எண்ணிக்கையே எனலாம்.

பொம்பி தென்பட்டால் அதை இடம்பெயர்ப்பதில்லை. ஃபியூஸ் எந்நிலையில் உள்ளது என்பதை வெளியிலிருந்து அறிய இயலாதாகையால், மணல் மூட்டைகளைச் சுற்றி அடுக்கி, அருகே சிறு வெடிபொருளை வைத்துக் கிடந்த இடத்திலேயே வெடிக்கச் செய்வர். அதற்கு முன் ஒலிபெருக்கியில் அறிவித்து, ஊராரையும் கால்நடைகளையும் அப்புறப்படுத்தி, வழிகளில் காவல் நிறுத்துவர். பெருங்குண்டுகளைக் கையாளும் முறை வேறு. அதற்குத் தனித் தேர்ச்சி பெற்றோர் வருவர். பணியாளர் பெரும்பாலும் அம்மாநிலத்தவரே. பெண்கள் மட்டுமே கொண்ட குழுக்களும் சியாங் குவாங்கில் பணிபுரிந்துள்ளன. மே முதல் அக்டோபர் வரை பெய்யும் மழையில் மண்சாலைகள் அறுபடுவதால், எட்டாத ஊர்களுக்குரிய பணிநாள்கள் இன்னும் சுருங்குகின்றன.

எந்த நிலம் முதலில்?

நீண்ட காலம் அகற்றற்பணி கோரிக்கையைத் தொடர்ந்தே நடைபெற்றது. பள்ளி கட்டவோ சாலை அமைக்கவோ பாசன வாய்க்கால் வெட்டவோ திட்டம் வகுக்கப்படும்; மாவட்ட அலுவலகம் அந்நிலத்தைத் தூய்மை செய்து தரக் கோரும்; குழு செல்லும். வெளிப்பார்வைக்கு இது நேரிய முறை. நிலம் உடனே பயன்படுகிறது, கொடையாளர்க்குக் காட்ட ஒரு கட்டடமும் எழுகிறது. ஆயினும் இம்முறையில் இரு குறைகள் உள்ளன. முதலாவது, கோரப்பட்ட நிலத்தில் குண்டு உண்டு என்பதற்குச் சான்று தேவைப்படவில்லை. அதனால் பல நிலங்கள் முழுமையாகத் தேடப்பட்டும் அங்குக் கிடைத்தவை மிகச் சிலவாகவோ ஒன்றுமே இல்லாமலோ இருந்தன. இரண்டாவதே இக்கட்டுரையின் நோக்கில் முதன்மையானது. கோரிக்கை எழுத ஊருக்குத் திட்டம் வேண்டும். திட்டம் வரச் சாலை வேண்டும். லாவோ மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஹ்மோங், கிம்மு முதலிய இனத்தார் வாழும் மலையூர்களுக்கு அலுவலகத்தின் வாயில் வெகு தொலைவு. மிகுதியும் குண்டு வீசப்பட்ட ஊர்களுள் பல இவ்வாறு வரிசையில் கடைசிக்குச் சென்றன.

இதற்கு மாற்றாக எழுந்ததே கொத்துக்குண்டு எச்சக் கணக்கெடுப்பு. தென் மாநிலங்களில் நார்வே மக்கள் உதவி நிறுவனம் முன்னெடுத்த இம்முறை, 2010களின் நடுப்பகுதியில் நாடளாவிய நெறியாக ஏற்கப்பட்டது. இதன்படி, யார் கோரினும் கோராவிடினும் கணக்கெடுப்புக் குழு ஊரைத் தேடிச் செல்லும். முதலில் ஊர்த்தலைவர் முன்னிலையில் கூட்டம் நடைபெறும். எங்குப் பொம்பியைக் கண்டீர்கள், எங்கு மாடு வெடித்து இறந்தது, எந்தச் சரிவை எரிக்க அஞ்சி விட்டுவிட்டீர்கள் என வினவி, ஊராரைக் கொண்டே நிலப்படம் வரையச் செய்வர். பின்னர் அவர்கள் சுட்டிய இடத்திற்குச் சென்று, 50 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் உடைய கட்டங்களாக நிலத்தைப் பிரித்துத் தேடுவர். சிறுகுண்டு கிடைத்த கட்டம் வரைபடத்தில் சிவப்பாகும். சிவப்புக் கட்டங்களின் திரளைக் கொண்டு ‘உறுதி செய்யப்பட்ட இடர்ப்பகுதி’ வரையறுக்கப்படும். அகற்றும் குழு அதன் பின்னரே வரும்.

அமெரிக்க வான்படையின் குண்டுவீச்சுப் பதிவேடுகளும் பிற்காலத்தில் லாவோஸுக்கு வழங்கப்பட்டன. எந்தப் பள்ளத்தாக்கு தாக்கப்பட்டது என்பதை அறிய அவை பயன்படுகின்றன. ஆயினும் விமானத்தில் குறிக்கப்பட்ட இலக்குக்கும் குண்டு வீழ்ந்த மண்ணுக்கும் இடையே உள்ள தொலைவை அவை காட்டா. அவ்விடைவெளியை நிரப்புவது ஊராரின் நினைவே. களைபறிக்கையில் கண்ட உருண்டையை அஞ்சி மூங்கிற்புதரடியில் ஒதுக்கி வைத்த உழவரின் கூற்று, பதிவேட்டின் ஆயத்தொலைகளினும் துல்லியமானது. ஊர்க்கூட்டத்தில் ஆடவர் மட்டும் பேசின் காட்டில் விறகும் மூங்கிற்குருத்தும் சேகரிக்கும் பெண்களின் அறிவும், மாடு மேய்க்கும் சிறாரின் அறிவும் விடுபட்டுப்போகும் என்பதை இங்குக் கருத வேண்டும். அவர்கள் செல்லும் தடங்கள் வேறு.

பரப்பளவு என்னும் அளவுகோல்

அகற்றற்பணியின் வெற்றி நெடுங்காலம் ஹெக்டேர்க் கணக்கில் கூறப்பட்டது. ஹெக்டேர் எளிதில் கூட்டத்தக்கது. ஆண்டறிக்கையில் அழகாக வளரும். குண்டில்லா நிலத்தை விரைந்து தேடிய குழுவுக்கு இவ்வளவுகோல் கூடுதல் மதிப்பெண் தரும். குண்டும் துண்டும் செறிந்த நிலத்தில் மெல்ல நகர்ந்த குழுவைத் தாழ்த்தும். ஒரு ஹெக்டேரில் அழிக்கப்பட்ட குண்டுகள் எத்தனை என்பதையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கிய பின்னரே முறைகளின் வேறுபாடு புலப்பட்டது.

ஆயினும் செறிவையும் முடிந்த முடிபாகக் கொள்ளுதல் தகாது. யாரும் செல்லாத உயர்காட்டில் நூறு பொம்பிகள் கிடக்கலாம். வீட்டுக்கொல்லையில் ஒன்றே கிடக்கலாம். வரைபடத்தில் முன்னது பெரிய சிவப்புப் பரப்பு. உயிர்க்கு இறுதி விளைப்பது பின்னது. இவ்விரண்டிற்கும் இடையே ஒன்றைத் தேர வேண்டிய நிலை ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. சான்று எந்நிலம் இடருடையது எனக் கூறும். எந்நிலத்தில் நாளை மண்வெட்டி இறங்கும் என்பதை ஊரே கூற வேண்டும். கணக்கெடுப்பின் தொடக்கத்தில் ஊராரிடம் குண்டைப் பற்றி மட்டும் வினவி, முன்னுரிமையை அலுவலகத்தில் வகுப்பது அவர்களின் அறிவில் பாதியை மட்டும் பெறுவதாகும். வரும் ஆண்டு எந்தச் சரிவை எரிக்கப் போகின்றனர், மகனுக்குப் பிரித்துக் கொடுக்கும் நிலம் எது என்பவற்றையும் அதே கூட்டத்திலேயே கேட்டறிதல் கூடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கணக்கெடுப்பு விரைவானது, அகற்றல் மெதுவானது. ஆகவே உறுதி செய்யப்பட்ட இடர்ப்பகுதியின் பரப்பு, தூய்மை செய்யப்படும் பரப்பினும் வேகமாக வளர்கிறது. தன் வயல் சிவப்பு என்பதை அறிந்த உழவர் குழுவின் வரவுக்காகப் பல்லாண்டு காத்திருக்க நேர்கிறது. அதுவரை உண்ண நெல் வேண்டும். அவர் அவ்வயலையே உழுகிறார். இடரை அறிவித்தல் மட்டும் பாதுகாப்பாகாது. சிவப்பு எனக் குறிக்கப்பட்ட வயலுக்கு அகற்றும் குழு வரும் பருவம் ஏறத்தாழவேனும் கூறப்பட வேண்டும்.

நடமாடும் குழுக்கள்

கொத்துக்குண்டு ஒப்பந்தம் 2010 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. உறுப்பு நாடுகளின் முதற்கூட்டம் அதே ஆண்டு நவம்பரில் வியந்தியானிலேயே நடைபெற்றது. ஒப்பந்தம் விதித்த பத்தாண்டு காலவரையறைக்குள் லாவோஸ் பணியை முடிக்க இயலாது என்பது தொடக்கத்திலேயே தெளிவு. முதலில் 2025 வரை ஐந்தாண்டு நீட்டிப்பு வழங்கப்பட்டது. 2016இல் ஐ.நா.வின் வளங்குன்றா வளர்ச்சி இலக்குகள் 17உடன் ‘வெடிக்காத குண்டிலிருந்து உயிர்க்காப்பு’ என்பதை 18ஆம் இலக்காக அந்நாடு தனக்கெனச் சேர்த்துக்கொண்டது. ஆண்டுதோறும் பாதிக்கப்படுவோர் தொகை 2008ஐ ஒட்டிய காலத்தில் ஏறத்தாழ 300ஆக இருந்து, பின்வந்த பத்தாண்டில் 50ஐ ஒட்டிக் குறைந்தது. இக்குறைவில் அகற்றலுக்கு உரிய பங்கையும், பள்ளிகளில் நடைபெறும் இடர்விழிப்புக் கல்விக்கும் பழைய இரும்பு வணிகத்தின் தளர்வுக்கும் உரிய பங்கையும் பிரித்தறிவது எளிதன்று.

இறுதிக் குண்டு வரை அகற்றப்படும் நாள் வாராது. இரு உலகப் போர்களின் குண்டுகள் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் செருமனியிலும் இன்றும் ஏர்முனையிலும் கட்டட அடித்தளத்திலும் வெளிப்படுகின்றன. அங்கெல்லாம் உழவர் தொலைபேசியில் அழைத்தால் அரசின் வல்லுநர் வந்து எடுத்துச் செல்வர். லாவோஸில் இதற்கு நிகராக விளங்குவன ‘நடமாடும் குழுக்கள்’. ஊரார் ஒரு பொம்பியைக் கண்டு ஊர்த்தலைவரிடம் தெரிவித்தால், அவர் மாவட்டத்திற்குச் செய்தி அனுப்ப, குழு வந்து அதை அழித்துச் செல்லும். பெருநிலப்பரப்பைத் தூய்மை செய்யும் குழுக்களோடு ஒப்பிடின் இவற்றின் பணி அறிக்கைகளில் சிறிதாகவே தோன்றும்; ஹெக்டேர்க் கணக்கில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஆயின் உழவர் கண்டு சுட்டிய குண்டுக்காகவே இக்குழு வருவதால், அழிக்கப்படும் ஒவ்வொன்றும் மனிதரின் தடத்தில் கிடந்த குண்டாகும். மழைக்காலத்தில் சாலை அறுந்த ஊருக்கு இக்குழு எத்தனை நாளில் சென்று சேர்கிறது என்னும் ஒரு கணக்கு மாவட்டந்தோறும் பேணப்படின், பணியின் தரத்தை மதிப்பிட ஹெக்டேரினும் அது பெரிதும் உதவும்.